‘நைஸ்’ எங்கிருந்து வந்தது? ஓர் ஆங்கிலப் பெயரடையின் வேரைத் தேட முழுமையான வழிகாட்டி

‘நைஸ்’ என்ற ஆங்கிலப் பெயரடைக்கு முதலில் இருந்த பொருள் ‘அறிவில்லாத, முட்டாள்தனமான’ என்பது. இது பலருக்குத் தெரியும். ஆனால் முட்டாளைக் குறித்த சொல் எப்படி நல்ல மனிதரைக் குறிக்க வந்தது, நடுவில் என்ன ஆயிற்று, அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால் பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தொடக்கத்தையும் முடிவையும் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். நடுவில் கிடக்கும் ஐந்நூறு ஆண்டுகளில்தான் வேலை இருக்கிறது.

அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது, எங்கே சறுக்கும் என்பதை ‘நைஸ்’ சொல்லை வைத்தே காட்டுகிறேன். இதே வரிசையை வேறு எந்தப் பெயரடைக்கும் பயன்படுத்தலாம்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

மூன்று வகை அகராதிகள் வேண்டும். ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்வதால் ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

முதலாவது, மாணவர்களுக்கான ஆங்கில அகராதி. இன்று அதிகம் வழங்கும் பொருள் இதில் முதலில் இருக்கும். இரண்டாவது, வரலாற்று அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்த வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டுடன் கூடிய மேற்கோள்களை அடுக்கும், பழைய பொருளை முதலில் வைக்கும். இதன் இணையப் பதிப்புக்குச் சந்தா வேண்டும். ஆனால் 1884இல் தொடங்கி 1928இல் முடிந்த முதல் பதிப்பு காப்புரிமை தீர்ந்தது. இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்றாவது, சொற்பிறப்பு அகராதி. ‘எட்டிம்ஆன்லைன்’ தளம் இலவசம், தொடங்குவதற்குப் போதுமானது.

இவற்றோடு இரண்டு துணைகள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி இணையத்தில் இலவசமாக உள்ளது; 1500க்கு முந்தைய சொல்லுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியும் இணையத்தில் படிக்கக் கிடைக்கிறது. இதன் அருமை ஐந்தாம் படியில் தெரியும்.

அப்புறம் ஒரு நோட்டு. பக்கத்தை நான்காகப் பிரியுங்கள்: பொருள், ஆண்டு, மேற்கோள், எந்த அகராதி. நான்காவது பத்தியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டு வாரம் கழித்து இரு ஆண்டுகள் முரண்படும்போது, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மறுபடி தேட வேண்டியிருக்கும்.

2. இன்றைய பொருளை முதலில் பிரித்து எழுதுங்கள்

எடுத்த எடுப்பில் லத்தீனுக்கு ஓடாதீர்கள். புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் வரும் ஆசை அது. இன்றைய பொருள் எத்தனை கிளையாக இருக்கிறது என்று தெரியாமல் வேருக்குப் போனால், எந்தக் கிளைக்கு வேர் தேடுகிறோம் என்பதே தெரியாது.

‘நைஸ்’ சொல்லை அது சேர்ந்து வரும் சொற்களோடு எழுதிப் பாருங்கள். ‘நைஸ் மேன்’ என்றால் அன்பானவர். ‘நைஸ் டே’ என்றால் இதமான நாள். ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்பதில் அது வெறும் அழுத்தம். நல்ல கதகதப்பு என்கிறோமே, அதில் வரும் ‘நல்ல’ போல. நான்காவதாக ஒன்று உண்டு: ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’. சட்டத் தீர்ப்புகளிலும் தத்துவக் கட்டுரைகளிலும் வரும் இது நுட்பமான வேறுபாட்டைக் குறிக்கும். இனிமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த நான்காவதுதான் உங்கள் துப்பு. மற்றவற்றோடு ஒட்டாமல் ஒரு பொருள் தனியாக நின்றால், அது பெரும்பாலும் பழைய பொருளின் மிச்சமாக இருக்கும். ‘நைஸிட்டி’ என்ற பெயர்ச்சொல்லையும் பாருங்கள். ‘டு எ நைஸிட்டி’ என்றால் அச்சுப் பிசகாமல் என்று பொருள். ஒரு காலத்தில் இந்தச் சொற்குடும்பம் முழுவதுமே நுட்பத்தைச் சுற்றி இருந்திருக்க வேண்டும் என்ற ஊகத்தை நோட்டில் எழுதி வையுங்கள். ஆதாரம் பின்னால் வரும்.

3. பழைய எழுத்துக்கூட்டலையும் ஒலியையும் கண்டுபிடியுங்கள்

இன்றைய எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு பழைய நூல்களில் தேடினால் பாதி கிடைக்காது. இடைக்கால ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் நடுவில் ‘ஐ’ என்ற எழுத்தும் வரும், ‘ஒய்’ என்ற எழுத்தும் வரும். 1400இல் இறந்த சாசரின் கவிதைகளில் ‘ஒய்’ போட்ட வடிவம்தான் அடிக்கடி தென்படும். பொருளும் பெரும்பாலும் முட்டாள்தனம்தான்.

ஒலியும் வேறு. அப்போது இதை ‘நீஸ்’ என்பதுபோல உச்சரித்தார்கள். 15ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கில நெடில் உயிர்கள் ஒட்டுமொத்தமாக இடம் மாறின. அதில் ‘ஈ’ படிப்படியாக ‘ஐ’ ஆனது. ‘டைம்’, ‘வைஃப்’ எல்லாம் இதே வழியில் வந்தவை. இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போனால் பிரெஞ்சு வடிவத்தோடு ஒலி பொருந்தவில்லையே என்று குழம்புவீர்கள்.

4. ஆங்கிலத்துக்கு வெளியே போங்கள்

இப்போது சொற்பிறப்பு அகராதியைத் திறக்கலாம். ‘நைஸ்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கும் எழுத்துக்கூட்டல் இதேதான். பொருள் பேதை, அறிவிலி. அதற்கு முந்தையது லத்தீனின் ‘நெஸ்கியுஸ்’, அதாவது அறியாதவன். ‘நெ’ என்பது எதிர்மறை; ‘ஸ்கீரெ’ என்பது ‘அறிதல்’ என்ற வினை.

இப்படிப் பிரித்துக் காட்டுவதை அப்படியே நம்பிவிடாமல் ஒரு முறை சோதியுங்கள். இரண்டு துண்டும் வேறு சொற்களில் அதே பொருளோடு வருகின்றனவா? ‘ஸ்கீரெ’ குடும்பத்தில் ‘சயின்ஸ்’ இருக்கிறது, ‘கான்ஷியன்ஸ்’ இருக்கிறது, ‘எல்லாம் அறிந்த’ என்னும் ‘ஆம்னிஷியன்ட்’ இருக்கிறது. எல்லாவற்றிலும் அறிவு உண்டு. எதிர்மறையான ‘நெ’ இந்திய ஐரோப்பியக் குடும்பம் முழுவதும் பரவியிருக்கிறது. வடமொழியின் ‘ந’ அதன் உறவு. ‘ந’வும் ‘அஸ்தி’யும் சேர்ந்த ‘நாஸ்தி’ நமக்குத் தெரிந்த சொல்தான். ஆக, பிரிப்பு நிற்கிறது.

அகராதியில் ஒரு வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அங்கே நிதானியுங்கள். அது எந்த நூலிலும் கிடைத்த சொல் அல்ல, அறிஞர்கள் ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் என்று பொருள். ‘ஸ்கீரெ’வுக்கும் பின்னால் வெட்டுதல், பிரித்தல் என்ற பொருளில் அப்படி ஒரு வேர் காட்டுவார்கள். நோட்டில் எழுதும்போது அந்த நட்சத்திரத்தையும் சேர்த்தே எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் ஊகம் உண்மையாகிவிடும். பெயரடையின் பொருள் மாற்றத்தைத் தேடுபவருக்கு லத்தீன் வரை போனால் போதும் என்பது என் கருத்து.

5. ஆண்டு வரிசை போடுங்கள்

முழு வேலையின் முதுகெலும்பு இதுதான். இதற்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். வரலாற்று அகராதியில் ஒவ்வொரு பொருளின் முதல் மேற்கோளையும் பார்த்து ஆண்டோடு எழுதுங்கள். ‘நைஸ்’ சொல்லுக்கு ஏறக்குறைய இப்படி வரும்.

1300ஐ ஒட்டி: முட்டாள்தனமான, அறியாத.
அதே காலத்தை ஒட்டி: கோழைத்தனமான, கூச்சமுள்ள.
14ஆம் நூற்றாண்டு: ஒழுக்கம் தளர்ந்த, ஆடம்பரமான.
அந்த நூற்றாண்டின் கடைசியில்: எளிதில் திருப்தி அடையாத, நொட்டைச் சொல் சொல்கிற.
1400ஐ ஒட்டி: மென்மையான, நொய்மையான.
16ஆம் நூற்றாண்டு: துல்லியமான, நுட்பமான.
18ஆம் நூற்றாண்டு: இனிய, இதமான. பல சொற்பிறப்பு அகராதிகள் 1769 என்ற ஆண்டைத் தருகின்றன.
19ஆம் நூற்றாண்டு: அன்பான, பரிவுள்ள. இதற்கு 1830 என்பார்கள்.

இந்த ஆண்டுகளைப் படிப்பதில் பொதுவாக நேரும் பிழை ஒன்று உண்டு. 1769 என்றால் அந்த ஆண்டில் அந்தப் பொருள் பிறந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது எழுத்தில் கண்டெடுக்கப்பட்ட ஆண்டு மட்டுமே. மக்கள் வாயில் அதற்கு முன்பே புழங்கியிருக்கும். பழைய கடிதமோ நாட்குறிப்போ புதிதாகக் கிடைத்தால் ஆண்டு பின்னோக்கி நகரும். அதனால் ‘1769இல் தோன்றியது’ என்று எழுதாமல், ‘1769 முதல் எழுத்தில் காணப்படுகிறது’ என்று எழுதுங்கள்.

இன்னொரு பிழை, ஒரு பொருள் வந்ததும் முந்தையது போய்விட்டது என்று நினைப்பது. ஒரே காலத்தில் நான்கைந்து பொருள்கள் சேர்ந்தே வாழ்ந்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு வரியிலும் முதல் மேற்கோளின் ஆண்டோடு கடைசி மேற்கோளின் ஆண்டையும் எழுதுங்கள். எவை ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

ஜான்சன் அகராதியை இந்த இடத்தில் திறக்க வேண்டும். 1755இல் அவர் இந்தச் சொல்லுக்கு முதலாவதாகக் கொடுக்கும் பொருள், மிகச் சிறிய அளவுக்கும் பிசகாத துல்லியத்தோடு மதிப்பிடுவது. அடுத்தடுத்து மிகுந்த எச்சரிக்கை, எதையும் எளிதில் ஏற்காத மனம், எளிதில் சேதமாகும் மென்மை என்று போகிறது. ‘இனிய நாள்’ என்று இன்று நாம் சொல்லும் பொருள் அந்தப் பட்டியலில் இல்லை. முட்டாள்தனமும் இல்லை. ஒரு பக்கம் பழைய பொருள் வழக்கொழிந்துவிட்டது. மறுபக்கம் புதிய பொருள் அகராதிக்குள் நுழையும் அளவுக்கு இன்னும் வலுக்கவில்லை. நடுவில் துல்லியம் மட்டும் கோலோச்சுகிறது. இரண்டாம் படியில் எழுதி வைத்த ஊகத்துக்கு இங்கே ஆதாரம் கிடைத்துவிட்டது.

6. மேற்கோளைச் சூழலோடு படியுங்கள்

அகராதி தரும் மேற்கோள் ஒரு வரிதான். முடிந்தவரை மூல நூலுக்குப் போய் முன்னும் பின்னும் படியுங்கள். நமக்குத் தெரிந்த இன்றைய பொருள் பழைய வரிக்குள் தானாகப் புகுந்துவிடும் என்பதுதான் காரணம்.

‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தின் ஐந்தாம் அங்கம், இரண்டாம் காட்சியைப் பாருங்கள். பாதிரியார் லாரன்ஸ் ரோமியோவுக்கு அனுப்பிய கடிதம் போய்ச் சேரவில்லை. கொண்டு போனவரைக் கொள்ளைநோய்ப் பயத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்து அடைத்துவிட்டார்கள். செய்தி கேட்டுப் பதறிய லாரன்ஸ், அந்தக் கடிதம் ‘நைஸ்’ அல்ல என்கிறார். இன்றைய பொருளில் படித்தால் ‘இனிமையான கடிதம் அல்ல’ என்று ஆகிவிடும். ஆனால் அதே வரியில், அது முக்கியமான செய்தி நிரம்பியது என்றும் சொல்கிறார். ‘அற்பமான கடிதம் அல்ல’ என்று வைத்தால்தான் அவருடைய பதற்றத்துக்குப் பொருள் வரும்.

சோதனை எளிது. சந்தேகமான இடத்தில், பட்டியலில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் படியுங்கள். பக்கத்து வரியோடு மோதுகிறவற்றை அடித்துவிடுங்கள். இரண்டு மிஞ்சினால் இரண்டையும் எழுதுங்கள். 16, 17ஆம் நூற்றாண்டு மேற்கோள்கள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளை நினைத்தார் என்று சொல்வது கடினம் என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் தொகுப்பாளர்களே குறித்திருக்கிறார்கள். அவர்கள் தயங்கிய இடத்தில் நாம் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

7. பொருள்களுக்கு இடையே பாலம் போடுங்கள்

பட்டியல் தயாரானதும் ‘இதிலிருந்து இது எப்படி வந்தது’ என்று கேட்க வேண்டும். இதை முன்னதாகவே செய்தால் கதை கட்டத் தொடங்கிவிடுவோம். ஆண்டுகள் கையில் இருக்கும்போது அவை நம்மைக் கட்டிப்போடும்.

அறியாதவர் தயங்குவார், கூசுவார்; அது ஒரு பாலம். கூசி ஒதுங்குபவர் எதையும் சட்டென்று ஏற்காதவராகத் தோன்றுவார்; அது அடுத்தது. எதையும் ஏற்காதவர் ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்ப்பவர், அங்கிருந்து துல்லியம். துல்லியமாகச் செய்தது நேர்த்தியாக இருக்கும், நேர்த்தியானது பார்க்க இதமாக இருக்கும். இதமான பொருளுக்குச் சொன்னதை இதமான மனிதருக்கும் சொன்னார்கள்.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘ஒழுக்கம் தளர்ந்த’ என்ற பொருள் இந்தச் சங்கிலியில் எங்கே? அது முட்டாள்தனத்திலிருந்து தனியாகப் பிரிந்த கிளை. ‘அற்பமான’ என்பதற்கும் இந்தக் கோட்டில் இடமில்லை. அதனால் நேர்க்கோடு வரையாமல் கிளைகளாக வரையுங்கள். ஆண்டும் மேற்கோளும் தாங்குகிற இணைப்புக்கு அழுத்தமான கோடு, நீங்களாக ஊகித்ததற்குப் புள்ளிக்கோடு. மாணவர்களின் படங்களில் நான் முதலில் தேடுவது இந்தப் புள்ளிக்கோடுகளைத்தான். ஒன்றுகூட இல்லையென்றால் எங்கேயோ தாவியிருக்கிறார்கள்.

தாழ்ந்த பொருளிலிருந்து உயர்ந்த பொருளுக்குப் போவதைத் தமிழ் மொழியியல் நூல்கள் உயர்பொருட்பேறு என்கின்றன. எதிர்த்திசையில் போனால் இழிபொருட்பேறு. ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்த நம் ‘நாற்றம்’ இழிந்த பக்கம் போனது. ‘நைஸ்’ உயர்ந்த பக்கம் வந்தது. இந்தப் பெயர்கள் எந்தத் திசை என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது. பெயர் வைத்ததோடு விளக்கம் முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள்.

8. ஒலி ஒற்றுமையில் விழாதீர்கள்

தமிழ் வாசகர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ‘நைச்சியமாகப் பேசிக் காரியத்தைச் சாதித்தான்’ என்கிறோம். உடனே ‘நைஸ்’ நம்மிடமிருந்து போனதுதானே என்ற கேள்வி எழும். நைச்சியம் வடமொழியில் தாழ்வைக் குறிக்கும் ‘நீச’ என்பதிலிருந்து வந்த ‘நைச்ய’, தன்னைத் தாழ்த்திக்கொள்வது. வைணவ உரைகளில் பக்தர் தன்னைச் சிறுமைப்படுத்திப் பேசுவதை இந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். பணிந்து பேசுவது பிறகு இனிக்கப் பேசிக் காரியம் சாதிப்பதாக ஆயிற்று. ஆங்கிலச் சொல்லோடு உறவில்லை.

பிரான்சின் தென்கடற்கரையில் இதே எழுத்துக்கூட்டலில் ஒரு நகரம் இருக்கிறது, உச்சரிப்பு ‘நீஸ்’. அது கிரேக்கர்கள் வைத்த ‘நிக்காயா’ என்ற பெயரின் வழி வந்தது; வெற்றியைக் குறிப்பது. அதுவும் உறவில்லை.

இரு சொற்களுக்கு உறவு சொல்ல மூன்று வழிகள் திறந்திருக்க வேண்டும். ஒலி மாறிய வழி தெரிய வேண்டும். காலம் பொருந்த வேண்டும். ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குச் சொல் போக மக்களிடையே தொடர்பு இருந்திருக்க வேண்டும். 1300இல் இங்கிலாந்தில் பிரெஞ்சு பேசும் பிரபுக்கள் இருந்தார்கள், அதனால் பிரெஞ்சு வழி திறந்திருக்கிறது. நைச்சியத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை.

படித்தவர்கள் சொல்வதும் ஆதாரம் ஆகாது. 1817இன் இறுதியில் வெளியான ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தேங்கர் ஆபே’ நாவலில் ஹென்றி டில்னி என்ற பாத்திரம், எல்லாவற்றுக்கும் ‘நைஸ்’ போடும் வழக்கத்தைக் கேலி செய்வார். கேத்தரின் ஒரு புத்தகத்தை உலகிலேயே ‘நைஸ்’ ஆனது என்றதும், நேர்த்தியானது என்கிறாயா, அப்படியானால் அது பைண்டிங்கைப் பொறுத்தது என்பார். தொடக்கத்தில் இது நேர்த்தியையும் நாகரிகத்தையும் மட்டும் குறித்திருக்கலாம் என்றும் சொல்வார். புதிய பொருள் எவ்வளவு பரவிவிட்டது, அது சிலருக்கு எவ்வளவு உறுத்தியது என்பதற்கு இது அருமையான சான்று. தோற்றத்துக்குச் சான்று அல்ல. அவர் நடுவழியில் உள்ள பொருளை வேர் என்று எடுத்துக்கொண்டார்.

9. கண்டதை எழுதும்போது

வேர்ப்பொருள்தான் உண்மையான பொருள் என்று எழுதாதீர்கள். ‘உன்னை நைஸ் என்று யாராவது சொன்னால் மகிழாதே, அது முட்டாள் என்று அர்த்தம்’ என்ற வகை வாக்கியங்கள் முழுப் பிழை. இன்று அப்படிச் சொல்பவர் மனத்திலும் கேட்பவர் மனத்திலும் அந்தப் பொருள் இல்லை. ஒரு சொல்லின் பொருள் அதைப் பேசுகிறவர்களின் பயன்பாட்டில் இருக்கிறது.

குறிப்பை இன்றைய பொருளில் தொடங்கி, ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் போய், லத்தீனில் முடியுங்கள். நீங்கள் தேடிய வரிசையும் அதுதான், படிப்பவரால் தொடர முடிகிற வரிசையும் அதுதான். ஒவ்வொரு ஆண்டுக்கும் எந்த அகராதி என்பதை நோட்டிலிருந்து எடுத்துச் சேருங்கள். முடித்ததும், ‘நிச்சயமாக’, ‘தெளிவாக’ என்று நீங்கள் எழுதிய இடங்களை மட்டும் தேடிப் படித்து, அங்கே புள்ளிக்கோடு ஏதும் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

10. அடுத்து எந்தச் சொல்லை எடுப்பது

‘சில்லி’ என்ற பெயரடையை எடுங்கள். ‘நைஸ்’ வந்த பாதையில் எதிர்த்திசையாகப் போன சொல் அது. பழைய ஆங்கிலத்தில் பேறுபெற்ற, மகிழ்ச்சியான என்று பொருள். பிறகு கள்ளமற்ற, இரங்கத்தக்க என்று இறங்கி, இப்போது அசட்டுத்தனமாக நிற்கிறது.

மூன்றாம் படியில் கொஞ்சம் சிரமப்படுவீர்கள். இடைக்காலத்தில் முதல் உயிர் ‘ஸேலி’ என்பதுபோல நெடிலாக இருந்தது, அதனால் இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பழைய பொருள் கிடைக்காது. நான்காம் படியில் பிரெஞ்சு, லத்தீன் பக்கம் போகாமல் ஜெர்மன் அகராதியைத் திறங்கள். அங்கே உடன்பிறந்த சொல்லான ‘ஸேலிக்’ இன்றும் பேறுபெற்றவர் என்ற பொருளிலேயே வழங்குகிறது.